பிள்ளைக்கு எந்தச் சாதனம் வாங்குவது?

பள்ளி ஆண்டு தொடங்கும் வேளையில், அறிவியல் ஆசிரியரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்கும் பெற்றோரைவிடச் சாதனத்தைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். “டீச்சர், மகன் முதல் படிவம் போகிறான். டேப் வாங்கவா, லேப்டாப் வாங்கவா?” கடைக்காரரிடம் இதற்கு உடனே பதில் இருக்கும்; மாதத் தவணை எவ்வளவு என்பதும் அந்தப் பதிலோடு சேர்ந்தே வரும். ஆசிரியர் திருப்பிக் கேட்க வேண்டியது வேறு: அதை வைத்துக்கொண்டு பையன் என்ன செய்யப்போகிறான்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரம் ரிங்கிட் அளவில்தான் செலவு செய்ய முடியும் என்ற குடும்பம், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்குப் புதிய தட்டைக் கணினி வாங்குவதைவிட, அலுவலகத்தில் ஓடி, பிறகு புதுப்பிக்கப்பட்ட ஒரு மடிக்கணினியை வாங்குவது மேல். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசிக்கும் அறிவியலில் ஒரு வேலை உண்டு. ஆனால் அது நாம் இப்போது அதற்குக் கொடுத்திருக்கும் வேலை அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. நான்காம் படிவ இயற்பியலின் முதல் பாடத்திலேயே தனி ஊசல் சோதனை வருகிறது. நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அலைவுக் காலத்தை அளந்து, அந்தக் காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடமாக்க வேண்டும். கையால் வரைபடத்தாளில் வரைவது கட்டாயம். தேர்வில் அதுதான் கேட்கப்படும். ஆனால் அதே எண்களை ஒரு விரிதாளில் இட்டு, ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு ஏன் விலகி நிற்கிறது, அந்த ஒரு முறை அலைவுகளைத் தவறாக எண்ணினோமா என்று தேடும்போதுதான் பிள்ளை சோதனையை மீண்டும் நினைத்துப் பார்க்கிறான். இந்த வேலையை ஆறங்குலத் திரையில் செய்து பாருங்கள். பாதித் திரையை விசைப்பலகை மறைத்துக்கொள்ளும்; எண்களைப் பார்த்தால் வரைபடம் தெரியாது, வரைபடத்தைப் பார்த்தால் எண்கள் தெரியாது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் கைப்பேசி போதும். நான்கு பக்க அறிக்கை எழுதவும், அட்டவணை போடவும், கணினி அறிவியல் எடுத்த பிள்ளை ஜாவா நிரல் எழுதவும் அது போதாது.

இதை நாடே ஒருமுறை அனுபவித்துப் பார்த்தது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கல்வியமைச்சு ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டினரிடம் எந்தச் சாதனமும் இல்லை. திறன்பேசி இருந்தவர்கள் 46 விழுக்காடு. மடிக்கணினி இருந்தவர்கள் 9 விழுக்காடு மட்டுமே. அந்த 46-ஐப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்கள் உண்டு. பெர்மாஸ் ஜெயாவில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணின் உள்ளே இருக்கும் ஓட்டை தெரியும். இங்கே பல வீடுகளில் கைப்பேசி என்பது அப்பாவின் கைப்பேசி. விடியுமுன்பே அது அவருடைய சட்டைப்பையில் ஏறி, பெர்மாஸ் பாலத்தைத் தாண்டி, ஜொகூர் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது, அப்பாவோடு சேர்ந்து கைப்பேசியும் மாதக்கணக்கில் அக்கரையில் தங்கிய வீடுகள் இருந்தன. ‘வீட்டில் ஒன்று இருக்கிறது’ என்பதும் ‘பிள்ளைக்கு இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல.

சாதனம் இருந்த பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பினார்கள். ஆசிரியர்கள் சாய்ந்தும் நிழல் விழுந்தும் கிடந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தினோம். இணையக் கல்வி என்று பெயர்தான். நடந்தது அஞ்சல்வழிக் கல்வி.

விலையை மட்டும் பார்த்துச் சாதனம் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் நல்ல பாடம் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 5 அன்று, டில்லியில் மத்திய அரசு ‘ஆகாஷ்’ தட்டைக் கணினியை வெளியிட்டது. அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். உலகிலேயே மலிவானது என்று ஊடகங்கள் கொண்டாடின. உள்ளே இருந்தது 256 எம்பி நினைவகம். திரையோ மின்தடை வகை. அதாவது, நடுவே சிறு இடைவெளி விட்ட இரண்டு மின்கடத்தும் படலங்கள். விரலால் அழுத்தி ஒன்றை மற்றொன்றில் படவைத்தால்தான் தொட்ட இடம் அதற்குத் தெரியும். இன்று நம் கையில் இருக்கும் திரைகள் மின்தேக்கு வகை. விரல் மேலே பட்டாலே மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்துகொள்ளும். ஆகாஷ் திரையை அழுத்தி அழுத்தியே மாணவர்கள் சலித்துப்போனார்கள். தமிழ்நாட்டு மடிக்கணினிகளைப் பற்றியும் குறைகள் சொல்லப்பட்டன. சில விற்கப்பட்டன, சில பழுதாகிக் கிடந்தன. ஆனாலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. அவற்றில் விசைப்பலகை இருந்தது. வீட்டின் முதல் கணினி என்று அதில் தட்டச்சும் நிரலும் பழகியவர்கள் பலர் இன்று வேலையில் இருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை வேறுவிதம். 2011-இல் ஒப்பந்தமான ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதாக இருந்தது. மதிப்பு 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல். அந்தத் தளத்தைப் பயன்படுத்தியோர் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019 ஜூன் இறுதியோடு அது முடிவுக்கு வந்தது. அதன்பின் வந்த டெலிமா தளம் கூகல், மைக்ரோசாப்ட், ஆப்பிள் மூன்றையும் ஏற்கிறது. நல்ல உலாவி ஒன்று இருந்தால் எந்தக் கணினியிலும் திறக்கும். பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. பள்ளி வேலைக்கென்று குறிப்பிட்ட நிறுவனத்தின் விலையுயர்ந்த சாதனத்தை வாங்க வேண்டிய காரணம் எதுவும் இப்போது இல்லை.

நீரிணையின் அக்கரையில் வேறு வழியைத் தேர்ந்தார்கள். சிங்கப்பூரில் ஒவ்வோர் இடைநிலைப்பள்ளி மாணவரிடமும் 2028-க்குள் சொந்தச் சாதனம் இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் அறிவித்தார்கள். தொற்றுக்குப் பிறகு அந்த இலக்கை 2021-க்கே இழுத்துக்கொண்டார்கள். எந்த வகைச் சாதனம் என்பதைப் பள்ளி முடிவு செய்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வகை. எடுசேவ் கணக்கிலிருந்து பணம் செலுத்தலாம், வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. எனக்கு இதில் பிடித்தது பணம் அல்ல. பள்ளி வாயைத் திறந்து ‘இதுதான் வேண்டும்’ என்று சொல்கிறது பாருங்கள், அது. பிடிக்காததும் ஒன்று உண்டு. சாதனங்களை ஒரு செயலியால் கட்டுப்படுத்தினார்கள். 2024 ஆகஸ்டு 4 அன்று அந்தச் செயலியை நடத்திய நிறுவனத்தின் அமைப்புக்குள் யாரோ ஊடுருவியதில், 26 பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைத்து அழிக்கப்பட்டன. குறிப்புகளை வேறெங்கும் சேமிக்காத பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி, புதுப்பிக்கப்பட்ட மடிக்கணினி ஏன் என்பதற்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதனால் நிறுவனங்கள் பழைய மடிக்கணினிகளைக் கட்டுக்கட்டாகக் கழிக்கின்றன. அவை கடைகளுக்கு வருகின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். இண்டெல் செயலகம் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதைத்தான் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும். தலைமுறையை எப்படித் தெரிந்துகொள்வது? கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, ஆகாது. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, ஆகும். ஐ5-10210யு பத்தாம் தலைமுறை. கடையில் ‘ஐ7 கணினி, மலிவு விலை’ என்று எழுதியிருப்பதில் ஏமாற வேண்டாம். பழைய ஐ7-ஐவிடப் புதிய ஐ3 பிள்ளைக்கு அதிகம் பயன்படும்.

நினைவகம் 8 ஜிபி இருக்கட்டும். 4 ஜிபி என்பது விண்டோஸ் 11 தொடங்குவதற்கு வேண்டிய அளவு. காணொளி வகுப்பும் விரிதாளும் உலாவியில் ஐந்தாறு பக்கங்களும் ஒன்றாகத் திறந்தால் அது திணறும். சேமிப்பகம் எஸ்எஸ்டி ஆக இருக்க வேண்டும். மலிவான புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 64 ஜிபி இஎம்எம்சி எனும் சில்லைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது மெதுவானது, மாற்றவும் முடியாது. அதில் பெரும்பகுதியை விண்டோஸே பிடித்துக்கொள்வதால், இரண்டாம் ஆண்டில் ஒரு புதுப்பிப்பு வந்தால் வைக்க இடம் இருக்காது. பளபளவென்று பெட்டிக்குள் இருக்கும் புதியதைவிட, மூலையில் கீறல் விழுந்த பழையது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

பழையதில் உண்மையான பலவீனம் மின்கலன். லித்தியம் அயனி மின்கலனுக்கு இரண்டு பகைவர்கள்: வெப்பம், எப்போதும் முழுதாக நிரம்பிய நிலை. நம் ஊரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. அலுவலக மேசையிலோ அது நாள் முழுக்க மின்னூட்டத்தில் இருந்திருக்கும். விண்டோஸில் மின்கல அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. வாங்குமுன் கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது 50,000 மில்லிவாட்-மணி, இப்போது முழுதாக நிரப்பினால் 30,000 என்றிருந்தால், 60 விழுக்காடுதான் மிச்சம். விலையைக் குறைத்துக் கேட்கலாம், மின்கலனை மாற்றித் தரச் சொல்லலாம். வீட்டில் மெத்தைமேல் வைத்து மின்னூட்ட வேண்டாம்; காருக்குள் வெயிலில் விட வேண்டவே வேண்டாம்.

குரோம்புக் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நல்ல சாதனம்தான், வேகமானது, நச்சுநிரல் தொல்லை குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதி உண்டு. 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்தாண்டு. அது நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த அடித்தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பழையது எதை வாங்கினாலும், அது முன்பு ஏதேனும் பள்ளியிலோ நிறுவனத்திலோ பதிவாகி இன்னும் விடுவிக்கப்படாமல் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். அக்கரையிலிருந்து வரும் பழைய சாதனங்களில் இது இன்னும் முக்கியம். பூட்டியிருந்தால் அது வெறும் தட்டுதான்.

கைப்பேசிக்கு நான் வைத்திருக்கும் வேலையைச் சொல்ல வேண்டும். அதற்குள் முடுக்கமானி இருக்கிறது, ஒலிவாங்கி இருக்கிறது, பலவற்றில் காந்தமானியும் ஒளி உணரியும் உண்டு. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இவற்றை ஆய்வுக்கூடக் கருவிகளாக்குகிறது. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். இரண்டிலும் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரத்தைத் திறங்கள். ஒரு கைப்பேசியின் அருகே அக்கா கைதட்ட, இரண்டும் ஓடத் தொடங்கும். மற்றதன் அருகே தம்பி கைதட்ட, இரண்டும் நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்துக்கு இடையே சுமார் 0.029 வினாடி வேறுபாடு இருக்கும். ஒலி 10 மீட்டர் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. வகுத்துப் பார்த்தால் ஒலியின் வேகம், நம் ஊர் வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர், வீட்டுக் கூடத்திலேயே கிடைத்துவிடும். இதைப் பள்ளியில் செய்ய முடியாது, மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. அந்த விதியை நான் எதிர்க்கவில்லை. நாற்பது கைப்பேசிகள் உள்ள வகுப்பில் பாடம் நடத்த என்னால் ஆகாது. ஆனால் வார இறுதியில் அப்பா வீட்டில் இருக்கும்போது செய்யத்தக்க வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

வாங்கிய மடிக்கணினியில் முதல் நாளே தமிழ் விசைப்பலகையை இயக்கிவிடுங்கள். 1985-இல் முரசு அஞ்சலையும் 2005-இல் செல்லினத்தையும் தந்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அப்படியிருந்தும், நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருப்பது எனக்குப் புரிவதே இல்லை.

பள்ளிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கட்டண விவரத்தோடு அரைப் பக்கத் தாள் ஒன்று கொடுத்தால் போதும்: எந்தத் தலைமுறைச் செயலகம், எவ்வளவு நினைவகம், எந்த வகைச் சேமிப்பகம், எது வேண்டாம். கணினி ஆசிரியர் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார். இப்போது அந்த இடத்தைக் கடையின் விளம்பரத் தாள் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கும் பெற்றோர் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். சொந்த உபயோகத்துக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கும் கணினி, வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவுக்குள் வரும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரே மடிக்கணினியில் இரண்டு தனிக் கணக்குகள் திறந்து, கூடத்து மேசையில் வையுங்கள், எஸ்.பி.எம். எழுதும் மூத்தவருக்கு இரவு நேரம், இளையவருக்கு மாலை நேரம்.