டிஜிசெல் கோப்பை வீரர்களின் கோரிக்கை மனு

பெறுநர்
தேசிய ரக்பி லீக் போட்டிக் குழுத் தலைவர் அவர்கள்,
போர்ட் மோர்ஸ்பி, பப்புவா நியூ கினி.

பொருள்: கிளப் வீரர்களுக்கு ஒப்பந்தம், காப்பீடு, மருத்துவ வசதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

லே, ரபாவுல், மவுண்ட் ஹாகன், கோரோக்கா எனப் பல ஊர் கிளப்களுக்கு ஆடும் நாங்கள் முழுநேர ஆட்டக்காரர்கள் அல்லர். காவலாளி, ஆசிரியர், சுரங்கத் தொழிலாளி, சர்க்கரைவள்ளி பயிரிட்டுப் பிழைப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. ஞாயிறு 80 நிமிடம் மோதிவிட்டுத் திங்கள் காலை பணிக்குப் போகிறோம்.

நம் நாட்டின் ஹன்டர்ஸ் அணிக்கு ஆள் தருவது இந்த டிஜிசெல் கோப்பைப் போட்டிதான். அந்த அணி 2017இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கோப்பையை வென்றது. 2028இல் நம் நாட்டு அணி ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் போட்டியில் இறங்கப்போகிறது. அதற்கும் பசிபிக் நாடுகளில் இவ்விளையாட்டை வளர்ப்பதற்குமாகப் பத்தாண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர அந்நாட்டு அரசு முன்வந்துள்ளது. இனி யாரும் பணமில்லை என்று கைவிரிக்க முடியாது.

எங்கள் முதல் கோரிக்கை காயம் பற்றியது. சென்ற பருவத்தில் எங்கள் சங்க உறுப்பினர் ஒருவருக்குத் தோள்மூட்டு நழுவியது. மைதானத்தில் டாக்டர் இல்லை. ஜெர்சியைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டி, வேனில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சிகிச்சைச் செலவுக்கு வீட்டார் பன்றிகளை விற்றார்கள். இரும்பு கேட்டைத் தள்ள முடியாததால் காவலாளி வேலையும் போயிற்று. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டாக்டரும் ஆம்புலன்சும், வீரர் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடும் வேண்டும். பயிற்சி நாட்களையும் இதில் சேர்க்க வேண்டும்: இங்கிலாந்தின் விட்னஸ் கிளப்புக்குப் புறப்படவிருந்த நம் நாட்டு வீரர் காட்டோ ஓட்டியோ, 2018 ஜனவரியில் பயிற்சிக்குப் பின் மயங்கி விழுந்துதான் 23 வயதில் இறந்தார். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி உறுதியானவருக்கு என்ஆர்எல் 2023 முதல் 11 நாள் கட்டாய ஓய்வு தருகிறது. இங்கே எங்களில் சிலர் அடுத்த ஞாயிறே ஆடியிருக்கிறார்கள். அதே விதி இங்கும் வரட்டும்.

அடுத்தது சம்பளம். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் இனிப் போதாது. ஸ்பான்சர் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஆட்டத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் தர வேண்டும். கடைசியாகப் பயணம். தலைநகரிலிருந்து லேவுக்கோ மலைநாட்டுக்கோ சாலை இல்லை, விமானம்தான். வெளியூர் ஆட்டத்துக்கு முதல்நாளே போய்ச் சேர டிக்கெட்டும் தங்குமிடமும் உறுதியாக வேண்டும்.

அடுத்த பருவத்தின் அட்டவணை வெளியாகும் முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசி, எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீரர் சங்க நிர்வாகிகள்