கதவுக்கு வெளியே நிற்கவேண்டியவர்



சர்க்கரை ஆலையையும் கரும்பையும் நம்பியிருந்த நமது எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டது. காலணிப் பூங்காவுக்கும் அப்போது அடிக்கல் நாட்டப்பட்டது. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். ஒரு குடும்பம் தரும் வாடகையைவிட, அதே வீட்டில் ஆறு பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் வருமானம் கூடும். இந்தக் கணக்கை நமது சபையாரும் போட்டுப் பார்க்கிறார்கள். அதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். வீடு உங்களுடையது, மகனுக்குத் திருமணம் என்றாலும், இடித்துக் கட்டவேண்டும் என்றாலும், அதைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கிற விதத்தைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

உபாகமம் 24ஆம் அதிகாரம் 10, 11 வசனங்களை எடுத்து வாசியுங்கள். கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை வாங்கப் போகிறான். நியாயம் அவன் பக்கம் இருக்கிறது. ஆனாலும் அவன் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவனே பொருளைக் கொண்டுவந்து தருவான். உரிமை உள்ளவனையும் வாசலில் நிறுத்துகிற கட்டளை இது. ஏழையின் நிலைப்படிக்கு உள்ளே அவனுக்கு ஒரு மரியாதை உண்டு என்பதைக் கர்த்தர் சட்டமாகவே எழுதிவைத்தார். மாற்றுச் சாவி கையில் இருக்கிறது என்பதற்காகக் குடியிருப்பவர் இல்லாத நேரத்தில் திறந்து பார்க்கிற வீட்டுக்காரர் இந்த வசனத்துக்கு என்ன பதில் சொல்வார்?

நமது நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடியிருப்புக்குப் பதினைந்து நாள் அறிவிப்புத் தரவேண்டும். அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ அவர் வீட்டாரிடமோ கொடுக்கலாம். பெற்றுக்கொண்ட நாளிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. கடைத்தெருவில் பார்த்தபோது சொல்லிவிட்டேன் என்பது அறிவிப்பு ஆகாது. அதன்பிறகும் அவர் காலி செய்யாவிட்டால் நீதிமன்றம் ஒன்றே வழி. பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை வெளிப்படையாகத் தடுக்கிறது.

நல்ல மனிதர்கள்கூட ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பெரும்பாலும் பயத்தினால்தான். பன்னிரண்டு வருடம் ஒருவர் குடியிருந்துவிட்டால் வீடு அவருக்கே போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இது தவறு. உங்கள் அனுமதியோடு, உங்களுக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரரே. அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்துத் தன்னுடையது என்று அனுபவிக்கிறவரைப் பற்றியது. வாடகைக்கு ரசீது கொடுங்கள், ஒப்பந்தத்தை எழுதிவையுங்கள். பயம் தானாகக் குறையும்.

பதினைந்து நாள் என்பது சட்டத்தின் குறைந்தபட்ச அளவு. பதினைந்து வருடம் இருந்த குடும்பத்துக்கு அது போதும் என்று ஒரு விசுவாசி நினைக்கலாமா? போதாது என்பதே என் கருத்து. ஆறு மாதமாவது கொடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், குடும்ப அட்டை, சமையல் எரிவாயு இணைப்பு, கடைக்காரரிடம் உள்ள பற்று எல்லாம் அந்த முகவரியில் வேர்விட்டிருக்கின்றன. காலத்தையும் பாருங்கள். மத்தேயு 24:20இல் நம் ஆண்டவர், எருசலேமின் அழிவைப் பற்றிப் பேசும்போதும், ஓடிப்போகிறவர்களுக்கு அது மாரிகாலமாக இருந்துவிடக்கூடாதே என்று கவலைப்படுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறவேண்டுமா? பங்குனியில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்குச் சித்திரை முடியும்வரை பொறுத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

முதலில் நேரில் போங்கள். கணவரும் மனைவியும் இருவரும் இருக்கும் நேரம் பார்த்து, உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். மகனுக்காக என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் அதிக வாடகைக்கு விடுவது பொய். எறையூர் சிறிய ஊர், நாலு நாளில் தெரிந்துவிடும். பேசியபிறகு அதையே கடிதமாக எழுதிக் கொடுங்கள்: காலி செய்யவேண்டிய தேதி, திருப்பித் தரும் முன்பணம், கழிக்கவேண்டியது ஏதாவது இருந்தால் அதன் விவரம்.

அந்த முன்பணத்தில்தான் பலர் இடறுகிறார்கள். குடியிருப்பவர் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்க உங்களிடம் இருக்கும் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார். சாவி வந்தபின் ஒரு மாதம் கழித்துத் தருகிறேன் என்றால், அவர் வட்டிக்கு வாங்கவேண்டியிருக்கும். அவர் வேறு வீடு பார்த்துவிட்டேன் என்று சொன்ன அன்றே பாதியைக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீதியைச் சாவி கைமாறும்போது கொடுங்கள். சுவரில் ஆணி அடித்தார், சுண்ணாம்பு உரிந்தது என்று பதினைந்து வருடத் தேய்மானத்தை அவர் தலையில் கட்டாதீர்கள்.

குடியிருக்கிற அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தேதிக்கு ஒத்துக்கொண்டால் அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள். முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும் என்று நீங்களாகவே கடைசி மாத வாடகையை நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மின்கட்டணத்தைக் கட்டி ரசீதைச் சாவியோடு கொடுங்கள்.

லேவியராகமம் 25:23 நிலம் தம்முடையது என்று கர்த்தர் சொல்கிற இடம். அங்கே சொந்த நிலம் பெறப்போகிற இஸ்ரவேலரையே அவர் புறக்குடிகள் என்று அழைக்கிறார். பட்டா வைத்திருப்பவரும் வாடகை கொடுப்பவரும் அடுத்த ஞாயிறு ஒரே திருவிருந்துக்கு வருவார்கள். உங்களுக்குள் இப்படி ஒரு பேச்சு நிலுவையில் இருந்தால், அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போய், வெளியே நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.