தொடக்கப் பட்டியலில் தமிழ்

புதுவை நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்துக் கிடக்கின்றது. கீழ்ப்பால் பிரெஞ்சியர் அமைத்த தெருக்கள். மேற்பால் தமிழர் தெருக்கள். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சாட்சி நீங்கிய பின்னும் தெருமுனைப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் ஒருங்கே நிற்கக் காண்கின்றோம். ஓரூரில் ஈரமைப்பைக் கண்டு வளர்ந்த இளைஞர்க்கு, கணிப்பொறி வன்வட்டைக் கூறுபோட்டு இரண்டு மூன்று லினக்சு வழங்கல்களைக் குடியமர்த்துவது வியப்பாகாது.

இத்துணை வழங்கல்கள் ஏன்? 1991-இல் லினசு தோர்வால்சு தொடங்கிய கருவகத்தை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆகலின் 1993-இல் தெபியன் தோன்றிற்று. அதன்மேல் 2004-இல் உபுண்டு எழுந்தது. பிரான்சிலிருந்து 1998-இல் வந்த மாண்டிரேக்கை நடத்திய நிறுவனம் 2015-இல் மூடுண்டது. ஆயினும் 2010-இலேயே அதினின்று கிளைத்த மகேயா வாழ்கின்றது. முதலாளி வீழ்ந்தால் மென்பொருளும் வீழவேண்டும் என்னும் கட்டு இங்கில்லை.

புதியவர் செய்யும் தவறு, கண்டதையெல்லாம் ஒரே நாளில் நிறுவுவது. முதலில் விரலியிலிருந்து இயக்கிப் பார்த்தல் வேண்டும். வட்டைத் தொடுமுன் தம் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பயனர் அமைப்புகள் உறையும் அடைவை இரண்டு வழங்கல்களுக்கும் பொதுவாக்கினால் ஒன்றின் அமைப்பை மற்றொன்று குலைக்கும். எழுத்தும் படமும் வைக்கத் தனிப்பிரிவு ஒதுக்குவதே நன்று. பின்னர் நிறுவிய வழங்கலின் தொடக்கியே பெரும்பாலும் முன்னே வந்து நிற்கும். அதன் பட்டியலில் பழைய வழங்கல் காணாமற்போனால், அழிந்தது என அலறுவார் பலர். அழியவில்லை. கிரப்பு என்னும் தொடக்கியின் அண்மைப் பதிப்புகளில், பிற இயங்குதளங்களைத் தேடும் பகுதி பாதுகாப்புக் கருதி மூடப்பட்டுள்ளது. அதனைத் திறந்துவிட்டால் பழையது மீண்டும் தோன்றும்.

இவற்றையெல்லாம் ஒரு கிழமையில் கற்றுத் தேறும் நம் பிள்ளைகள், தெபியன் நிறுவி எழுப்பும் முதல் வினாவிலேயே தோற்கின்றனர். எம்மொழி வேண்டும் என்று அது கேட்கின்றது. பட்டியலில் தமிழ் இருக்கின்றது. விரலோ அதனைத் தாண்டி ஆங்கிலத்தை அழுத்துகின்றது! மூன்று வழங்கல் நிறுவினும் மூன்றிலும் ஆங்கிலமே. எந்த முதலாளி தடுத்தான்? எந்த அரசு மறுத்தது?

2011 முதல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும், நடுவணரசின் சி-டாக்கு நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாசு லினக்சும் உடனிருந்தன. ஒரே வீட்டிற்கு இரண்டு வாயில்கள். பழகிய வாயிலிலேயே பலரும் நுழைந்தனர். பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? திறந்து காட்ட ஆசிரியர் வேண்டாவா?

தமிழில் இட்டால் சொற்கள் விளங்கவில்லை என்பர். கோப்பு, அடைவு என்பன கடினமாம். அவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தாய்ப்பாலோடு அருந்தினர் போலும்! சில பட்டியல்கள் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்பது மெய்யே. கேடி, குனோம் ஆகிய திரைச்சூழல்களைக் கூலி பெறாத ஆர்வலர் ஓய்வுப் பொழுதிலே தமிழாக்கினர். ஆட்குறையால் அப்பணி அரைகுறையாய் நிற்கின்றது.

ஆகவே புதுவைக் கல்லூரி மாணவர்க்கு ஒன்று சொல்வோம். ஒரு கணிப்பொறியில் எத்தனை வழங்கல் வேண்டுமாயினும் வைத்துக்கொள்க. அவற்றுள் ஒன்றேனும் முழுதும் தமிழில் இயங்கட்டும். தமிழ் 99 விசைப்பலகையை ஒவ்வொரு வழங்கலிலும் தனித்தனியே இணைத்தல் வேண்டும் என்பதையும் மறவற்க. மொழிபெயராத சொல்லைக் கண்டால் நல்ல தமிழ்ச்சொல் எழுதி அம்மொழிபெயர்ப்புக் குழுவிற்கு விடுக்க. குழு ஏற்றால் பின்வரும் பதிப்பில் அச்சொல் ஏறும். விண்டோசில் ஒரு சொல்லை மாற்ற வேண்டின் மைக்ரோசாப்டின் வாயிலில் இசைவு கேட்டு நிற்க வேண்டும்.