மலைக் குக்கிராமங்களின் மக்கள்தொகையை ஒருங்கே கணக்கிட்டுச் சாலை அமைக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஊராட்சிக்கு உட்பட்ட குக்கிராமங்களின் நலச் சங்கம், கிராம சபைத் தீர்மானத்தின் நகலுடன் இம்மனுவை அளிக்கிறது.

1. சாலை. இக்கோரிக்கை புதியதன்று. சங்கத்தின் முதல் மனு, மழைக்காலத்தில் நோயாளிகள் டோலி கட்டி அடிவாரம்வரை தூக்கிச் செல்லப்படுவதை விவரித்தது. மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. மண்பாதையின் வரைபடத்தோடு சென்ற இரண்டாம் மனுவுக்கு, எந்தக் குக்கிராமமும் மக்கள்தொகை வரம்பை எட்டவில்லை என்ற விடை கிடைத்தது. அவ்வரம்பைக் கணக்கிடும் முறையை விதியோடு எடுத்துக்காட்டிய மூன்றாம் மனுவுக்கும், தேதி மட்டும் மாற்றப்பட்டு, அதே விடையே வந்தது. ஆகவே அவ்விதி மீண்டும், சற்று விரிவாகவே, இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், வருவாய்க் கிராமத்தை அன்றி, இடம் மாறாமல் மக்கள் சேர்ந்து வாழும் தொகுதியாகிய குடியிருப்பையே அலகாகக் கொள்கிறது. சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்கள், பாலைவனம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் ஆகியவற்றில் 250 பேர் என்பது அதன் வரம்பு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் இல்லாமையால், பழங்குடியினர் வாழும் மலையூர்களுக்கும் 500 என்ற அளவே பொருத்தப்படுகிறது. அது நியாயமா என்பது தனிக் கேள்வி. ஆயினும் அதே திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள், 500 மீட்டர் ஆரத்துக்குள், மலையாயின் 1.5 கி.மீ. பாதைத் தொலைவுக்குள், அமைந்த குடியிருப்புகளின் மக்கள்தொகையை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட இடமளிக்கின்றன. பாதைத் தொலைவு என்பது வரைபடத்தில் நேர்கோடாக அளப்பதன்று, நடந்து செல்லும் வழியின் நீளமாகும். சங்கத்தின் குக்கிராமங்கள் அத்தொலைவுக்குள்ளேயே உள்ளன. தனித்தனியே வரம்புக்குக் கீழே நிற்பவை சேர்த்து எண்ணினால் அதைக் கடக்கின்றன. ஒரு கூட்டல் கணக்கைத் தவிர வேறெந்தச் சலுகையும் இங்கு கோரப்படவில்லை.

2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டமும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொள்கிறது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்த அக்கணக்கெடுப்பு, மலையூர்க் குடும்பங்கள் காப்பித் தோட்டக் கூலிக்கு வெளியேறியிருக்கும் பருவத்தில் அமைந்ததால், அந்நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதோர் தங்கியிருந்த இடத்திலேயே எண்ணப்பட்டனர். சாலை இல்லாத ஊரில் பிழைப்பின்றி வெளியேறியவர்கள் இல்லாததே சாலையை மறுக்கக் காரணமாகிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அதுவரை பொறுக்கச் சொல்வது விடையாகாது.

வனநிலம் தடையென்று சொல்லப்படுமாயின், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), கிராம சபையின் பரிந்துரையின்பேரில், ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, சாலை உள்ளிட்ட வசதிகளுக்குப் பயன்படுத்த அனுமதிக்கிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்ததையும், சாலையின்மையால் தாய் அவ்வுடலைச் சுமந்து மலையேறியதையும் அரசு அறியும்.

2. சாலை முடியும் இடம்வரை சிற்றுந்து இயக்க வழித்தடம் ஒதுக்கப்பட வேண்டும். மகளிருக்கான விடியல் பயணம் மலைப் பகுதிகளுக்கு நீட்டிக்கப்பட்டிருப்பினும், பேருந்தே வராத ஊரில் கட்டணமில்லாப் பயணத்துக்குப் பொருளில்லை.

3. பகுதிநேர நியாயவிலைக் கடை ஒன்று திறக்கப்பட வேண்டும்.

4. அடிவாரப் பிரிவில் ஊர்ப் பெயர்ப்பலகை நிறுவப்பட வேண்டும்.

முதற் கோரிக்கையின் மீது குடியிருப்புகளை நேரில் அளந்து, மக்கள்தொகையை ஒருங்கே கணக்கிட்டு ஆணை பிறப்பிக்குமாறும், மறுப்பதாயின் எந்த விதியின் எந்தப் பத்தியின்படி மறுக்கப்படுகிறது என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்