நொய்யலில் எதை மீட்பது?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் நொய்யல், மழைக்கு ஓடிக் கோடையில் மணலாகக் கிடந்த ஆறு. சில வாரமே வரும் வெள்ளத்தைத் திருப்பி நிறுத்திக்கொள்ளத்தான் அதன் மீது அத்தனை அணைக்கட்டுகளும் குளங்களும் அமைந்தன. இன்று திருப்பூருக்குள் அது ஆண்டு முழுக்க ஓடுகிறது. பவானியிலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாயில் வரும் தண்ணீர், வீடுகளைக் கடந்து சாக்கடையாக நொய்யலில் விழுந்து, திரும்பவும் காவிரிக்கே போகிறது. ஆற்றை மீட்கப் புறப்படுகிறவர்கள் பலரும் கேட்பது வற்றாத தெளிந்த நீரோட்டத்தை. அப்படியொரு நொய்யல் முன்பு இருந்ததில்லை.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஆற்றைக் கெடுத்ததில் சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. நிலத்தை அழித்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அடர்நிறமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரை. உப்பு துணியில் ஏறாது, அப்படியே கழிவில் இறங்கிவிடும். 1990களில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் பிடித்தன, உப்பை விட்டுவிட்டன. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை அந்த உப்பைத் தேக்கும் தொட்டியானது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன.

வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, கெட்ட சூழலைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் (பாசன விவசாயிகளின்) வழக்கும் இந்த நெறியில்தான் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அது நிறைவேறாத நிலையில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பட்டறைகள் நின்றன, பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். பிறகு உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பவும் பட்டறைக்கே அனுப்புவதும், உப்பைப் பிரித்தெடுப்பதும் நடைமுறையாயின. இது பெரிய சாதனை. குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தொழில் தரப்பு இதையே நொய்யலின் மீட்பாக முன்வைக்கிறது. பிரித்து எடுத்தும் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகச் சேர்கின்றன என்பதை ஒதுக்கிவிட்டாலும், இது புதுக் கெடுதலை நிறுத்துகிறதே தவிர பழையதை நீக்கவில்லை.

பழைய கெடுதல் மண்ணுக்குள் இருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணில் கால்சியத்தை வெளியேற்றி அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மண்ணின் கட்டமைப்பு குலைந்து மேலே ஓடு போல இறுகுகிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடுகிறது. ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரால் அலசுவது மருந்து. அதற்கு நல்ல தண்ணீர் எங்கே? அப்படியே அலசினாலும் உப்பு கிணற்றுக்கே இறங்கும். அணைநீர் வேண்டுமென்று கேட்ட ஊர்களே பின்னர் அதைத் தேக்காதீர்கள் என்று கேட்டன. அணை காலியாக்கப்பட்டது. நிரம்பிய அணை ஒரு காலத்தில் அவர்களின் கனவு. இப்போது அவர்கள் கேட்பது குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் ஆகிற கிணற்றுத் தண்ணீரை.

நகரத்தின் விருப்பம் வேறு: கரையில் சுவர், சாலை, நடைபாதை. மரம் நடுவோர் பல லட்சம் கன்றுகளை நட்டிருக்கிறார்கள், அந்த உழைப்பு உண்மையானது. ஆனால் காங்கேயம் சீமையின் இயல்பு அடர்காடு அல்ல. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும், மேயும் காங்கேயம் மாடுமாக இருந்த கொரங்காடுதான் இந்த மழைக்கு ஏற்ற நிலம். கொரங்காட்டில் நெருக்கி மரம் நடுவது மேய்ச்சல் நிலத்தை இழப்பதாகும். சாயம் வந்த பிறகு கெட்டதை மட்டுமே இழப்பாகக் கணக்கிட்டால், மனையாகப் பிரிக்கப்பட்ட கொரங்காடு எந்தக் கணக்கிலும் வராது.

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் இன்னொரு சிக்கல். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்றது. பாசனக் குளமாக இருந்த அதற்கு நல்லாற்று வெள்ளத்தோடு நகரக் கழிவுநீரும் வருகிறது, பறவைகளும் அந்த நீரில்தான் தங்குகின்றன. கழிவை முற்றாக நிறுத்தினால் கோடையில் குளம் சுருங்கும். இங்கே பழைய நிலைக்குத் திரும்புவதைவிட, வருகிற நீரைச் சுத்திகரித்து விடுவதே சரி.

எல்லாத் தரப்பின் அளவுகோலும் சமமல்ல. இழந்தவரின் அளவுகோலுக்கே முதலிடம் தர வேண்டும். ஒரத்துப்பாளையத்துக்கு மேலும் கீழும் ஊர்வாரியாகக் கிணறுகளின் உப்பளவை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவேண்டும். வயல்வாரியாக மண் பரிசோதனை நடக்கவேண்டும். ஜிப்சத்துக்கும் நல்ல தண்ணீருக்கும் ஆகும் செலவை, 1996இன் தீர்ப்புப்படி, கழிவை விட்டவர்கள் தரவேண்டும்.