வேருக்கு ஆள் தெரியாது

“மாத்திரையை நிறுத்திடலாமாடா?” பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவரும் என் அக்கா, சென்ற இதழில் வந்த அமுக்கராக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டார். அந்த எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தது அந்தக் கட்டுரைதான். எனவே அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கட்டுரையாளர் மூன்று விஷயங்களை அடித்துச் சொல்கிறார். அஸ்வகந்தா என்று விற்கப்படும் அமுக்கரா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும். தைராய்டைச் சீராக்கும். மூலிகை என்பதால் பக்கவிளைவே கிடையாது. முதல் இரண்டும் மெய்யானால் மூன்றாவது பொய். ஹார்மோனை ஏற்றும் வல்லமை ஒரு வேருக்கு உண்டென்றால், ஏற்றக் கூடாதவர் உடம்பிலும் அது ஏற்றும். வேருக்கு ஆள் தெரியாது. இந்த எளிய கணக்கைக்கூடப் போடாமல் வாசகர்களுக்கு மருத்துவம் சொல்ல வந்துவிட்டார்.

அவர் பெருமையோடு காட்டும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 2015இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மொத்தம் 57 ஆண்கள். எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். அமுக்கராச் சாறு எடுத்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்குச் சராசரியாக 96 நானோகிராம் கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 18. வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆரோக்கியமான ஆணுக்கே இந்த அளவு ஏறத்தாழ 300 முதல் 1000 வரை இருக்கலாம். ஒரே ஆளுக்குக் காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தை வைத்துக்கொண்டு ‘ஆண்மை மீளும்’ என்று எழுத யார் இவருக்கு உரிமை தந்தது?

2019இல் உடல் பருமனும் களைப்பும் உள்ள நடுவயது ஆண்களிடம் நடந்த ஆய்வை அவர் தொடவே இல்லை. அதிலும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட டெஸ்டோஸ்டிரோன் சுமார் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் களைப்பிலோ, உற்சாகத்திலோ, பாலுறவு நலத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் ஏறுவது ஒன்று, மனிதன் தேறுவது வேறொன்று. எண்ணை மட்டும் காட்டிவிட்டு மனிதனை மறைத்தது நேர்மையற்ற செயல்.

தைராய்டு விஷயத்தில் அவர் செய்திருப்பது இன்னும் மோசம். 2018இல் வந்த ஆய்வில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சற்றே கூடியிருந்த 50 பேருக்கு எட்டு வாரம் அமுக்கராவோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. தைராய்டு மாத்திரைக்கு அது மாற்றாகுமா என்று அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. அதை வைத்து ‘ஆயுளுக்கும் மாத்திரை எதற்கு?’ என்று கேட்கிறார். 2005இல் நெதர்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்த 32 வயதுப் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதா? அமுக்கரா கேப்சூல் எடுத்த அவருக்குத் தைராய்டு ஹார்மோன் எல்லை மீறி ஏறியது. கேப்சூலை நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்குகிறவர் நெஞ்சு படபடத்து நிற்கும்போது கட்டுரையாளரா வந்து நாடி பிடிப்பார்?

‘பக்கவிளைவே இல்லை’ என்ற வரிக்கு வருகிறேன். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா எடுத்து மஞ்சள்காமாலை கண்ட ஐந்து பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 2020இல் வெளியானது. அவர்களில் நால்வர் குணமானார்கள்; ஒருவரின் நிலை பின்னர் தெரியவரவில்லை. இது அரிதாக நடப்பதுதான். ஆனால் அரிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, மரபு. ‘நம் முன்னோர் சாப்பிட்டதுதானே?’ என்கிறார். முன்னோர் சாப்பிட்டது என்ன என்று அவர் பார்த்தாரா? சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநான்கு, சர்க்கரை நூற்றியிருபத்தெட்டு. அதாவது மொத்தத்தில் கால்பங்குதான் அமுக்கரா. அந்தக் கிழங்கையும் பாலாவியில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். நோயாளியின் உடல்வாகு பார்த்து வைத்தியர் அளவு சொல்வார். இன்று டப்பாவில் விற்பதோ செறிவூட்டிய சாறு. அதற்குச் சித்தர்களின் பெயரைச் சொல்லி நற்சான்று வழங்குவது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

2023இல் டென்மார்க் அமுக்கராவுக்குத் தடை விதித்ததை ‘மேலை மருந்துக் கம்பெனிகளின் சதி’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார். அந்தத் தடைக்கு அடிப்படை, தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள் மீதான விளைவைப் பற்றிய கவலையைச் சொன்ன 2020ஆம் ஆண்டு அறிக்கை. அந்த முடிவு மிகையானது என்று வாதாடலாம், இடமிருக்கிறது. ஆனால் வாதாட வேண்டும். சதி என்று சொல்வது வாதம் ஆகாது. மேலும், இலையைப் பயன்படுத்தாமல் வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது நம் ஆயுஷ் அமைச்சகம். அதுவும் மேலை நாட்டுச் சதியா?

மூலிகை எதுவும் வேலை செய்யாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகம் தின்றால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைக் கட்டுப்படுத்தும் நொதியை அது தடுப்பதே காரணம். மூலிகைக்கு வலிமை உண்டு. அந்த வலிமையை மதிக்கிறவர்தான் அளவு, காலம், உடன் எடுக்கும் மருந்து, கர்ப்பம், கல்லீரல் எல்லாவற்றையும் விசாரிப்பார். விசாரிக்காமல் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறவர் மூலிகையின் நண்பர் அல்லர்.

அக்காவிடம் சொன்னேன்: “நிறுத்தாதக்கா. டாக்டர்கிட்ட கேக்காம அமுக்கராவையும் ஆரம்பிக்காத.” அவருக்குக் கேட்க ஒரு தம்பி இருந்தான். கேட்க ஆளில்லாமல் அந்தக் கட்டுரையை நம்பி மாத்திரை டப்பாவை மூடிவைத்தவர்களுக்கு, அதை எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்’ என்ற ஒரு வரியை அடுத்த இதழிலேயே அவர் தம் பெயரில் எழுதட்டும்.