ஏரியும் கலிங்கும்

சேலம் நகரின் அருகே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல் அமைந்த ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்வோரை வரவேற்பது ஊர் நடுவே விளங்கும் ஏரியே ஆகும். மலைச்சரிவில் விழும் மழைநீர், தடுத்து நிறுத்துவது ஒன்று இல்லையாயின், மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். ஏரி அந்நீரைத் தாங்கிக் கொள்கிறது. கலங்கல் அடியிற் படிய, தெளிநீர் மேலே நிற்கிறது. எனினும், ஏரிக்குக் கரை மட்டும் இருந்தாற் போதாது. மிகைநீர் வழிந்தோடக் கலிங்கும் வேண்டும். கரையில்லா ஏரியில் நீர் நில்லாது. கலிங்கில்லா ஏரி உடைந்து ஊரை அழிக்கும்.

சட்டம் இயற்றும் அவைகளுக்கும் இஃது ஒக்கும். மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் கீழவை விரைந்து ஓடும் நீர் போன்றது. அதனைச் சிறிது நிறுத்தித் தெளிய வைக்கும் ஏரியாக மேலவை ஒன்று வேண்டும் என்பார் ஒரு சாரார். மக்கள் கருத்தைத் தடுக்க மற்றொருவர்க்கு உரிமை ஏது என வினவுவார் மற்றொரு சாரார். இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

அவையில் அமர்வார்க்குத் தகுதி வகுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு இதற்குச் சான்று. கி.பி. 921 ஆம் ஆண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு, வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்கிறது. முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரையும், அவர்தம் நெருங்கிய உறவினரையும் அது விலக்குகிறது. இவ்விதி பொன்னேபோற் போற்றத்தக்கது. ஆயின், சொந்த நிலமும் சொந்த மனையும் உடையார்க்கே இடம் என்றும் அக்கல்வெட்டுக் கூறுகிறது. நிலமற்றவன் வாயற்றவன் ஆனான். நற்குணம் நாடிய விதியோடு செல்வம் நாடிய விதியும் சேர்ந்தே வந்தது.

பிற்காலத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. 1820 ஆம் ஆண்டு முதல் 1829 ஆம் ஆண்டு வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகின, தோட்ட முதலாளிகள் செல்வாக்குப் பெற்றனர். 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 இல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, நிலக்கிழார்க்கும், பல்கலைக்கழகத்திற்கும், வணிகர்க்கும், தோட்ட முதலாளிகளுக்கும் தனித் தொகுதிகள் வகுக்கப்பட்டன. வாக்குரிமையோ சொத்தையும் வரியையும் அளவுகோலாகக் கொண்டிருந்தது. தோட்டமுடையார்க்கு ஓர் இடம் உறுதியாயிற்று. அத்தோட்டத்திற் பழம் பறிப்பார்க்கு அவ்வுறுதி கிட்டவில்லை. பின்தங்கிய நிலப்பகுதிகள் அனைத்திற்குமாக நியமன உறுப்பினர் ஒருவரே போதும் எனக் கருதப்பட்டது.

எனினும், நியமன முறையை முற்றும் பழித்தல் நேர்மையாகாது. தேர்தல் கொண்டுவர இயலாதவரை அம்முறை அவைக்குக் கொண்டுவந்ததும் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1923 இல் நியமிக்கப்பட்டு ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக விளங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926 இல் நியமனம் பெற்று, அடுத்த ஆண்டே அவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அவையில் எழுப்பிய குரல் நாடறிந்தது. அன்று ஒரு பெண் தேர்தல் வழியே அவைக்குள் புகுதல் அத்துணை எளிதாய் இருந்திருக்குமோ?

1937 இல் சென்னை மாகாணம் ஈரவை பெற்றது. விடுதலைக்குப்பின் அரசியல் நிருணய சபையில், மாகாண மேலவை வேண்டுமா என்ற வினாவை அந்தந்த மாகாணத்து உறுப்பினர்களே முடிவு செய்தனர். சென்னை உறுப்பினர் வேண்டும் என்றனர். அசாம், ஒரிசா உறுப்பினர் வேண்டா என்றனர். அரசியலமைப்பின் 171 ஆம் பிரிவு மேலவையின் அமைப்பைக் கூறுகிறது. மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி மன்றத்தாரும், மூன்றில் ஒரு பங்கினரைக் கீழவை உறுப்பினரும், பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியரும் தேர்ந்தெடுப்பர். எஞ்சியோரை ஆளுநர் நியமிப்பார். இவ்வவை கீழவையின் மசோதாவை முதலில் மூன்று திங்களும், மீண்டும் வருமாயின் ஒரு திங்களும் நிறுத்தி வைக்கலாம். அதற்குமேல் தடுக்க இயலாது. பண மசோதாவிற்கோ 14 நாளே எல்லை. இவ்வெல்லையே ஏரியின் கலிங்கு என்க.

அமைப்பு நன்றாயினும் அதனைக் கையாண்ட முறை ஐயத்திற்கு இடந்தந்தது. 1952 இல் இராஜாஜி தேர்தலில் நில்லாமல் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். இது மக்களாட்சிக்கு ஒவ்வாது எனப் பலர் கண்டித்தனர். 1967 இல் அறிஞர் அண்ணா மேலவை வழியே முதலமைச்சராய் அமர்ந்தார். அப்போது அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர். வாயில் ஒன்றே; அதன்வழி வந்த முறையோ வேறு. தேர்தலில் தோற்றவர்க்கும் கட்சித் தலைவர்க்கு வேண்டியவர்க்கும் மேலவை புகலிடமாயிற்று என்ற குறையும் நாளடைவில் எழுந்தது. முடிவில், 1986 ஆம் ஆண்டு மே 14 ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் இயற்ற, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் 63 உறுப்பினர் கொண்ட மேலவை மறைந்தது. அதன் இறுதித் தலைவர் சிலம்புச்செல்வர் ம.பொ.சி. ஆவார். 2010 இல் அதனை மீண்டும் அமைக்கச் சட்டமன்றம் தீர்மானித்தது. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. 2011 இல் ஆட்சி மாறியதும் அத்தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அவை கூடவேயில்லை.

இங்ஙனம் அமைப்பதும் அழிப்பதுமாகிய வழக்கில் முதன்மையான வினா மறைந்துவிடுகிறது. மேலவை வேண்டுமா என்பதினும், அதில் அமர்வார் யாவர் என்பதே பெரிய வினா. ஏற்காட்டைக் கொண்டே இதனை ஆராயலாம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே; அவை ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆகும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் இவ்வாறு கீழவையில் இடம் பெறுகின்றனர். மேலவைக்கோ அரசியலமைப்பில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. பட்டம் பெற்று மூன்றாண்டு கடந்தவர்க்கு அங்குத் தனி வாக்கு உண்டு. பள்ளி காணாது காப்பிப் பழம் பறிக்கும் தாய்க்கு இல்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்குத் தனி வாக்கு உண்டு; மலைச்சிற்றூரில் அரிச்சுவடி கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு இல்லை. கற்றார்க்குச் சிறப்புச் செய்தல் நன்றே. ஆனால், குரல் உடையார்க்கே மேலும் ஒரு குரல் தருவது, பழைய தோட்டத் தொகுதி புது ஆடை உடுத்து வருவது போன்றதாகும்.

ஆதலின், பழைய வடிவில் மேலவையை மீட்பதினும் அஃது இல்லாதிருத்தலே மேல். திருத்திய வடிவில் அமைப்பதாயின், அது பெரும்பயன் தரும். அதன் உறுப்பினருள் ஒரு பகுதியினர் மலைவாழ் மக்கள், மீனவர், கைவினைஞர், உழவுத் தொழிலாளர் போன்றோரிடையிலிருந்து வருதல் வேண்டும். தேர்தலில் தோற்றவரை அவ்வாண்டே நியமித்தல் கூடாது. பொதுப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர்க்கு உத்தரமேரூர் அடைத்த கதவு இங்கும் அடைபட வேண்டும். இவ்வமைப்பை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அதே 171 ஆம் பிரிவு இடந்தருகிறது. எனவே, வழி உண்டு, மனமே வேண்டுவது.

ஏரியின் பெருமை அதன் கரையின் உயரத்தில் இல்லை. அதன் நீர் எவ்வெவர் வயலுக்குப் பாய்கிறது என்பதிலேயே உள்ளது. அவையின் பெருமையும் அத்தகையதே. நாளை வாக்களிக்கவிருக்கும் மாணவர்கள் மேலவை என்ற சொல்லைக் கேட்குந்தோறும், அதில் யார் அமர்வர், யார் வெளியே நிற்பர் என்று வினவப் பழகுவார்களாக. அவ்வினாவே மக்களாட்சியைக் காக்கும் கரையும் கலிங்கும் ஆகும்.